கஷாயம் உண்டு, பத்தியம் எங்கே?

அடுப்பில் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் புளியங்கொட்டைப் பசை கொதிக்கிறது, அது பொம்மைக்கு. மற்றதில் சுக்கும் மிளகும் ஆடாதோடை இலையும் கொதிக்கின்றன. அது பொம்மை செய்கிறவருக்கு. நவராத்திரிக்கு முந்திய வாரத்தில், தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துத் தெருக்களில், வீட்டிலேயே கொலு பொம்மை செய்து கண்காட்சிக்குக் கொண்டுபோகிற ஒரு குடும்பத்தின் சமையலறையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்கு என்று அந்த அம்மாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கொலு வைக்கிற வீட்டுக்குப் பண்டிகை ஒன்பது நாள். பொம்மை செய்கிற வீட்டுக்கு அது அதற்கு முந்திய ஏழு நாள். அந்த ஏழு நாட்களில் உடம்பு என்ன பாடு படுகிறது, அந்தப் பாட்டுக்கு வீட்டு மருந்து எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொம்மையின் விலையைப் பேசுகிற நேரத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

ஏழு நாள் பாடு

வேலை என்னவோ மாதக்கணக்கில் நடப்பதுதான். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சாக் பவுடரும் பசையும் சேர்த்துப் பிசைய வேண்டும். அச்சில் முன்பக்கம் ஒரு பாதி, பின்பக்கம் ஒரு பாதி என்று அழுத்தி எடுத்து, வெயிலில் காயவைத்து, இரண்டையும் ஒட்ட வேண்டும். (இந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளும் அடுத்த வருஷம் ஒரு செட்டியார் பொம்மையின் தொந்திக்குள் போய்ச் சேர்ந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை!) இதெல்லாம் சாவகாசமாக நடக்கும். ஆனால் கடைசி மெருகு மட்டும் எப்போதும் கடைசி வாரத்துக்கென்றே காத்திருக்கும்.

திங்கட்கிழமை உப்புத்தாள் நாள். பூச்சுக் காய்ந்த பொம்மைகளை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். மாவு போல வெள்ளைத் தூசி எழும். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு முந்தானை நழுவும். இரண்டு கையிலும் வேலை இருப்பதால் அதை யார் எடுத்துவிடுவது? மாலைக்குள் தலைமயிர், புருவம், தொண்டை எல்லாம் வெளுத்துப்போகும். விரல் நுனியில் தோல் தேய்ந்து, உப்புப் பட்டால் எரியும். ராத்திரி ரசம் சாதம் பிசையும்போதுதான் அந்த எரிச்சல் தெரியவரும்.

நடுவில் மழை வந்தால் கேட்கவே வேண்டாம். நவராத்திரி வருவது மழை எட்டிப் பார்க்கிற காலத்தில். மொட்டைமாடியில் காய்கிற பொம்மைகளை நாலு முறை உள்ளே கொண்டுவந்து நாலு முறை வெளியே எடுத்துப்போக வேண்டும். முழங்காலுக்கு அது தனி வேலை.

வியாழக்கிழமை ராத்திரிதான் கண் எழுதுகிற ராத்திரி. பொம்மைக்கு உயிர் கண்ணில் இருக்கிறது என்பார்கள். பத்து அவதாரத்துக்கும் இருபது கண். மெல்லிய தூரிகையைப் பிடித்த கை நடுங்கக் கூடாது. இருமல் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் இந்த மாதிரி ஒரு பேச்சு நடக்கும்:

"அம்மா, ரெண்டு நாளா இருமிக்கிட்டே இருக்கியே. இன்னிக்கு ஒரு ராத்திரி படுத்துக்கோயேன்."

"படுத்தா தசாவதாரத்துக்குக் கண்ணை உங்கப்பாவா எழுதுவாரு? அந்தக் கஷாயத்தைக் கொஞ்சம் சுடவச்சுக் குடுடி, போதும்."

அந்தப் 'போதும்' என்ற ஒரு சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வார்னிஷ் நெடியோடு மூட்டை கட்டுவதில் போய்விடும். சனியும் ஞாயிறும் கடை. மயிலாப்பூர் மாடவீதியின் ஓரமாகவும் இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் நடத்தும் வாரச் சந்தையாகவும் இருக்கலாம். முட்டுக்காட்டில் 1996 முதல் இருந்துவரும் தட்சிணசித்திராவாகவும் இருக்கலாம். எங்கேயானாலும் மூட்டையோடு மின்சார ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறி இறங்க வேண்டும். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். இத்தனை வருஷத்தில் ரயில் எவ்வளவோ மாறிவிட்டது. மூட்டைக்காரர்களைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பது மட்டும் மாறவில்லை.

பாட்டி கொடுத்த மருந்து

வீட்டு மருந்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆடாதோடை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகூடத் தொடாத கசப்பு. வேலியோரத்தில் முளைத்துக் கிடக்கும். அதில் வாசிசின் என்ற ஒரு சத்து இருப்பதைக் கண்டு, அதன் அமைப்பைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்ஸின் என்ற மருந்தை மேல்நாட்டார் செய்தார்கள். சளியை இளக்குவதற்காக இன்று மருந்துக்கடையில் விற்கிற எத்தனையோ இருமல் மருந்துகளில் அது சேர்ந்திருக்கிறது. பாட்டி வேலியில் பறித்ததற்கும் பேரன் கடையில் வாங்குவதற்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

சுக்கு இருக்கிறது, நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது இருக்கிறது, கற்பூரவல்லிச் சாறு இருக்கிறது. தோல் உரிந்த விரலுக்கு ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவிப் படுப்பது இருக்கிறது. கண்காட்சி வாரத்தில் இவை இல்லாவிட்டால் பாதிப் பொம்மைக்குக் கண் திறந்திருக்காது. ஒரு நாள் டாக்டரிடம் போய்க் காத்திருந்தால் அன்றைய வேலை போயிற்று. அடுப்பங்கரை மருந்துக்கு டோக்கன் கிடையாது.

ஆனால் மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்ற எண்ணமும் சரியல்ல. அதே ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உடையது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆகாது. தொண்டைக் கமறலுக்கு வாயில் அடக்கிக்கொள்கிற அதிமதுரத்தை நாள்கணக்கில் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற அம்மாளுக்கு அது வினையாக முடியலாம். குணம் இருக்கிற பொருளுக்குத் தோஷமும் இருக்கத்தானே செய்யும்?

இது ஒரு பக்கம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய குறை ஒன்று நடந்திருக்கிறது.

பாட்டி கஷாயத்தை மட்டும் கொடுக்கவில்லை. கஷாயத்தோடு பத்தியத்தையும் கொடுத்தாள். பத்தியம் என்றால் புளியையும் மிளகாயையும் தள்ளுவது மட்டும் அல்ல. வெயிலில் அலையாமல் இருப்பது, கண் விழிக்காமல் இருப்பது, உடம்பை வருத்தாமல் இருப்பது எல்லாம் அதில் அடக்கம். சித்த வைத்தியர் மருந்தைக் கொடுக்கும்போதே பத்தியத்தையும் சொல்லுவார். "கஞ்சியைக் குடிச்சிட்டுப் படு, வேலையை நான் பார்த்துக்கறேன்" என்று பாட்டி சொன்னாளே, அதுவும் மருந்தில் பாதி. வீட்டில் நாலு பெண்டுகள் இருந்த காலம். ஒருத்தி படுத்தால் மூன்று பேர் நின்றார்கள்.

இன்று கஷாயத்தை எடுத்துக்கொண்டோம், பத்தியத்தை விட்டுவிட்டோம். படுப்பதற்காகக் குடித்த மருந்தைப் படுக்காமல் இருப்பதற்காகக் குடிக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணி வரையில் கண் விழிக்கத் தெம்பு வேண்டும் என்பதற்காகச் சுக்குக் கஷாயம்! இதைப் பாரம்பரிய வைத்தியம் என்று சொன்னால் அந்தப் பாட்டியே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து அளவாக உண்பதைத்தான் வள்ளுவர் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நாலு உறுப்புச் சொல்லும்போது நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவனையும் சேர்க்கிறார். கண்காட்சி வாரத்தில் பொம்மைக்கார அம்மாளுக்கு நோயாளியும் அவரே, வைத்தியரும் அவரே. கவனித்துக்கொள்ள ஆள் இல்லை.

சானடோரியத்தில் இரண்டு வாசல்

தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முந்தித் தாம்பரம் சானடோரியம். இந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928-ல், டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்தார். அந்தக் காலத்துச் சிகிச்சை என்ன? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. அதாவது பத்தியம்! 1937-ல் தாம்பரம் சானடோரியத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அதே சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. ஆக, மூலிகை வைத்தியத்துக்கு ஒரு வாசல், நெஞ்சு நோய்க்கு ஒரு வாசல், இரண்டும் அடுத்தடுத்து. ஊரில் வேறு எந்த ஸ்டேஷனுக்கு இந்த வசதி?

பொம்மைக்கார அம்மாளின் இருமலுக்கு இதில் எந்த வாசல் என்பதைக் கஷாயப் பாத்திரம் சொல்லாது. தூசியால் வந்த இருமலாக இருக்கலாம். வார்னிஷ் நெடியால் வந்த இளைப்பாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் காசநோய்க்குச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டமே சொல்லுகிற விதி. சோதனைக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. ஆனால் கஷாயம் இருமலைக் கொஞ்சம் அடக்கிவைத்துக்கொண்டே இருந்தால் அந்த இரண்டு வாரம் என்றைக்கு ஆரம்பித்தது என்பதே மறந்துபோகும். கண்காட்சி முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போகும்.

காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குக் காட்டினது சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவு 1959-ல் வெளிவந்தது. சானடோரியத்தில் படுத்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஒரே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்கள் பின்தங்கிவிடவில்லை. இதைக் கேட்டு 'வீட்டு வைத்தியம்' ஜெயித்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெயித்தது வீட்டில் சாப்பிட்ட மருந்து.

மாமல்லபுரத்தில் கருங்கல் செதுக்குகிறவர்கள் நிலைமை இன்னும் கடுமையானது. கருங்கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நெஞ்சில் படிந்தால் அதைக் கரைக்க எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது. அப்படிப்பட்ட நுரையீரலில் காசநோயும் எளிதில் வந்து சேரும். தண்ணீர் தெளித்துச் செதுக்குவதும், தூசி புகாத முகமூடி போடுவதும்தான் வழி. பொம்மைக்கும் அதுவே பொருந்தும்: உலர் உப்புத்தாளுக்குப் பதிலாக ஈரத்துணியால் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பிறகு மெருகு பார்ப்பது, வாசற்பக்கம் உட்கார்ந்து காற்றோட்டத்தில் தேய்ப்பது. பத்து ரூபாய்க் காரியம்.

விலையில் சேராத நாள்

"ஏன் அந்த அம்மாள் ஒரு நாள் படுக்கக் கூடாது?" என்று கேட்பது சுலபம். படுத்தால் கூலி இல்லை.

அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், அதே சானடோரியத்தில், 1984 முதல் ஏற்றுமதித் தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. அங்கே ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளி காய்ச்சல் என்று படுத்தால், டாக்டர் சீட்டைக் காட்டி, வருஷத்தில் 91 நாள் வரையில் சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம். 1948-ல் வந்த சட்டம் கொடுத்த உரிமை அது. படுப்பதற்குப் பணம் கொடுக்கிற சட்டம்! பத்தியத்தைச் சட்டமாக்கினால் அது இப்படித்தான் இருக்கும். அதே ரோட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில், வீட்டில் உட்கார்ந்து பொம்மை செய்கிறவருக்கு முதலாளி இல்லை. ஆகவே இதுவும் இல்லை.

அவருக்கு அந்த நாள் எங்கிருந்து வர வேண்டும்? பொம்மை விலையிலிருந்துதான் வர வேண்டும். காகிதம், பசை, வர்ணம், பஸ் கட்டணம், கடை வாடகை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விலை சொல்லுகிறார்கள். படுக்க வேண்டிய நாளுக்கு விலை போடுகிறவர்கள் இல்லை. போட்டால்தான் என்ன? "ராமர் செட்டு எண்ணூறா? அறுநூறுக்குக் குடும்மா" என்று கேட்கிற வாங்குபவர், அந்த இருநூறில் எதைக் குறைக்கச் சொல்லுகிறார்? காகிதத்தை அல்ல, வர்ணத்தை அல்ல. அவை ஏற்கெனவே பொம்மையில் போய்விட்டன. மிஞ்சி இருக்கிற தூக்கத்தைத்தான் குறைக்கச் சொல்லுகிறார். குளிரூட்டிய கடையில் சீட்டு ஒட்டியிருக்கிற விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் மாடவீதியில் இப்படிப் பேரம் பேசுகிறார்கள்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. இதே தென்சென்னைப் பக்கத்திலேயே அதற்கு முன்மாதிரியும் உண்டு. ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். ஆகவே பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து, சங்கமாகச் சேர்ந்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார்கள். கைவேலை வயிற்றுக்கு, மிச்ச நேரம் ஓவியத்துக்கு என்று பகிர்ந்துகொண்டார்கள். தனித்தனியாக நின்றிருந்தால் ஒருவருக்கும் மனைக்கட்டுக்கூட மிஞ்சியிருக்காது.

தாம்பரத்துப் பொம்மைக்காரர்கள் நிலம் வாங்க வேண்டியதில்லை. ஒரு கடையை நாலு பேராகச் சேர்ந்து எடுத்தால் போதும். ஒருவர் மண்பொம்மை, ஒருவர் காகிதப் பொம்மை, ஒருவர் பனையோலைக் கூடை, ஒருவர் மரச்சொப்பு. வாடகை கால் பங்காகும். சனிக்கிழமை ஒருவர் இருமினால் மற்றவர் உட்காருவார். அந்தக் காலத்து வீட்டில் நாலு பெண்டுகள் செய்த வேலையை ஒரு கடையில் நாலு பேர் செய்யலாமே! போட்டி வந்துவிடும், வாடிக்கை போய்விடும் என்று பயப்படுவார்கள். பயத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் தனியாக நின்று நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்வதில் என்ன வாடிக்கை வாழ்கிறது?

பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு புட்டி

சமீப காலத்தில் இன்னொரு பழக்கம் தலைகாட்டுகிறது. கைவினைக் கடை மேஜையில் பொம்மைக்குப் பக்கத்தில் மூலிகைத் தைலம் ஒரு புட்டி, கஷாயப் பொடி ஒரு பொட்டலம். வீட்டில் செய்தது, மூட்டு வலிக்கும் கேட்கும், சர்க்கரைக்கும் கேட்கும் என்று ஒரு சீட்டு. பொம்மை போகாத நாளில் புட்டி போனால் பஸ் கட்டணத்துக்காவது ஆகும் என்ற நினைப்பு.

கஷ்டம் புரிகிறது, ஆனாலும் இது கூடாது. சித்த மருந்து செய்து விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். சர்க்கரை வியாதி முதலான பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சீட்டில் எழுதி வைப்பதும் விளம்பரம்தான். சட்டம் கிடக்கட்டும். பேத்திக்குக் கஷாயம் வைத்த பாட்டி அவள் நாக்கைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், நேற்று என்ன தின்றாய் என்று கேட்டாள். மேஜைமேல் இருக்கிற புட்டி யாரையும் எதுவும் கேட்பதில்லை. வாங்கிப்போகிறவர் எதற்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார் என்று அதற்குத் தெரியாது. பொம்மையில் மூக்குக் கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரையில் கடையை விட்டு நகராதே என்று சொல்லுகிறார்கள். சாய்ந்துகொள்ள முதுகுள்ள ஒரு நாற்காலி, குடிக்க வெந்நீர், பக்கத்தில் கழிப்பறை. இவற்றோடு, மத்தியானம் ஒரு மணி நேரம் துணியைப் போட்டு மூடிவைக்க அனுமதி. மதியம் இரண்டு மணிக்குக் கொலு பொம்மை வாங்க வெயிலில் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்? அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அம்மாள் மேஜைக்குப் பின்னால் பழைய செய்தித்தாளை விரித்துக் கொஞ்சம் கண்ணயரலாம்.